எல்லையோரக் கூட்டுத் தோட்டம்: கோளாறு வந்தால் எங்கே தேடுவது?

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் இந்தப்புறம் இருக்கிறது எங்கள் தோட்டம். பஞ்சாயத்து கொடுத்த 12 சென்ட். வேலை செய்பவர்கள் மாற்றுத்திறனாளிகள் 14 பேர், எல்லோரும் 17 முதல் 29 வயதுக்குள். சக்கர நாற்காலியில் மூன்று பேர், கண் பார்வையில்லாதவர்கள் இரண்டு பேர், காது கேளாத பெண் ஒருவர். மீதிப்பேர் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம் என்று பலவிதம். என் தங்கை மகனும் இதில் ஒருவன்.

நான் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். கடைசித் தென்னைக்குத் தண்ணீர் போகவில்லை என்று கூப்பிட்டால், போய்த் தென்னையைக் குறை சொல்ல மாட்டோம். ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்போம், வால்வைப் பார்ப்போம், குழாயைத் தடவிக்கொண்டே நடப்போம். எங்கோ ஓர் இடத்தில் அடைப்பு கிடைக்கும். தோட்டம் தொடங்கிய புதிதில் ‘இவனுக்கு இதெல்லாம் வராதுங்க’ என்ற பேச்சை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்டேன். பழக்கதோஷம், ஒவ்வொரு தடவையும் குழாயைத் தடவிப் பார்த்தேன். அடைப்பு பாதையில் இருந்தது, பாத்தியின் உயரத்தில் இருந்தது, கக்கூஸில் இருந்தது, ஒரு தடவை என் வாயிலேயே இருந்தது. கீழே இருப்பவை நாங்கள் பட்ட கோளாறுகள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அங்கே போங்கள்.

சக்கரம் புதைகிறது, போட்ட பாதை கோணிக்கொள்கிறது

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். பயிருக்கு நல்ல மண், சக்கரத்துக்கு எமன். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஒரு மழை பெய்தால் உப்பிக்கொண்டு செருப்பையே பிடுங்கும். இது தெரிந்தும் நான் முதலில் வெறும் மண்மேல் சிமெண்ட் பலகைகளை வரிசையாகப் படுக்க வைத்தேன். ஐப்பசி மழை முடிந்தபோது ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரியான வழி: பாதையின் நீளத்துக்கு 20 செ.மீ. ஆழம் தோண்டிக் கரிசலை அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். அந்த இடத்தில் கிராவலை இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். மேலே கிரஷர் தூள் ஒரு படலம். இரண்டு ஓரத்திலும் செங்கல் பதித்தால் கிராவல் சரியாது, பார்வையில்லாதவர்களின் கோலுக்கும் ஓரம் தட்டுப்படும். அகலம் 120 செ.மீ. இருந்தால் நல்லது, 90-க்குக் கீழே போகவே கூடாது. பாதை முடியும் இடத்தில் நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். இதை மறந்துவிட்டால் வந்தவர் பின்பக்கமாகவே திரும்பிப் போக வேண்டியிருக்கும். வாசலில் மேடு இருந்தால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்வு வையுங்கள்.

பாதை சரியா என்று பார்க்க ஒரே வழிதான். நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நிறைந்த பூவாளியை வைத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வாருங்கள். வேட்டி எங்கே நனைகிறதோ அங்கே வேலை பாக்கி.

கை எட்டவில்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறார்

பாத்தி அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கமிருந்து மட்டும் எட்டுவதாக இருந்தால் 60 செ.மீ., இரண்டு பக்கமும் பாதை இருந்தால் 120 செ.மீ. அதற்கு மேல் கட்டினால் நடுவில் விளைவது அணிலுக்கு. உயரத்துக்கு ஹாலோ பிளாக் மூன்று வரிசை அடுக்கினால் ஏறக்குறைய 60 செ.மீ. வந்துவிடும். பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தி வேலை செய்ய அது போதும். நேராக உள்ளே நுழைந்து மேசைபோல உட்கார வேண்டுமானால் முழங்காலுக்குத் தரையிலிருந்து 70 செ.மீ. காலியிடம் விட்டு, அதன்மேல் 15 செ.மீ. ஆழத் தட்டு. அந்த ஆழத்துக்குக் கீரை வரும், வெந்தயம் வரும். வெண்டை கேட்காதீர்கள்.

பிடி நழுவுகிறவர்களுக்குக் கடையில் தனிக் கருவி தேட வேண்டாம். களைக்கொத்தின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினால் பருமனாகும், வழுக்கவும் வழுக்காது. விதைக்க, ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயின் தலையில் பாட்டில் வாயை வெட்டிச் செருகிவிட்டால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பயறு குழிக்குள் போய் விழும். விரல் நடுங்குகிறவர்களுக்குப் பயறு, அவரை, பூசணி என்று பெரிய விதைகளாகக் கொடுங்கள். கீரை விதைதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், அடம்பிடிப்பார்கள், மணலோடு கலந்து உப்புப் போடும் குப்பியில் கொடுங்கள்.

பார்வையில்லாதவர் வரிசை தவறினால் பாத்தியின் ஓரமாகக் கயிறு கட்டி 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கு ஒரு குழி. எந்தப் பாத்தி என்று தெரிய மூலையில் வாசனைச் செடி வைத்தோம்: கற்பூரவல்லி இருந்தால் கீரை, துளசி இருந்தால் வெண்டை, எலுமிச்சம்புல் இருந்தால் பயறு. இப்போது கண் தெரிகிற நாங்களும் ‘துளசிப் பாத்தி’ என்றே சொல்கிறோம்.

நட்ட நாற்று மறுநாள் இல்லை

களை பறிக்கச் சொன்னோம், 40 கத்தரி நாற்றும் களையோடு போய்விட்டன. பறித்த பையன் வேரோடு எல்லாவற்றையும் நேர்த்தியாக ஒரே திசையில் அடுக்கி வைத்திருந்தான். அவன்மேல் என்ன தப்பு? ‘பச்சையாக முளைச்சிருக்கறதைப் பறி கண்ணு’ என்று சொன்னது நான்.

அப்புறம் நாலங்குல பி.வி.சி. குழாயை இரண்டங்குல வளையங்களாக அறுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் ஒன்றை மண்ணில் அழுத்தினேன். வளையத்துக்கு உள்ளே இருப்பது நம்முடையது, வெளியே இருப்பது ஆட்டுக்கு. சிரட்டையின் அடியை வெட்டியும் வைக்கலாம், ஆனால் மண் நிறத்தில் மறைந்துவிடும். வளையம் வந்தபிறகு அந்தப் பையன் களையெடுத்த பாத்தியில் எனக்கு வேலையே இருப்பதில்லை. வளையத்துக்குள் முளைத்த களை மட்டும் கம்பீரமாக வளர்ந்திருக்கும். பரவாயில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ‘அந்தக் கூடையை எடுத்துட்டுப் போயி, கீரையை அறுத்து, மணலைத் தட்டிட்டு, நிழல்ல வைச்சிட்டு வா’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கூடையோடு நிற்கிறவனைப் பார்த்து அலுத்துக்கொள்வது. நாலு வேலையை நாலு படமாக அட்டையில் ஒட்டிக் கம்பியில் தொங்கவிட்டோம். ஒன்று முடிந்தால் ஒரு அட்டையைத் திருப்பிவிட வேண்டும். காது கேளாத பெண்ணுக்கும் இதுவே போதுமாக இருந்தது.

தினமும் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது

இதில் இரண்டு நோய் உண்டு, இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்.

தண்டின் அடி கறுத்து, கொழகொழவென்று தொட்டால் ஒடிகிறதா? தண்ணீர் அதிகம். தோட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த வேலை தண்ணீர் ஊற்றுவதுதான். 14 பேரும் ஆசையாக ஆளுக்கொரு பூவாளி ஊற்றினால் எந்தச் செடி தாங்கும்? துணிக் கிளிப் வாங்கினோம். பாத்தியின் கம்பியில் சிவப்புக் கிளிப் இருந்தால் இன்றைக்குத் தண்ணீர் ஆயிற்று. ஊற்றியவரே மாட்ட வேண்டும், கிளிப் மாட்டுவது ஊற்றுவதைவிடப் பெருமையாகிவிட்டது. இன்னும் ஊற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு வேலியோரத் தென்னை இருக்கிறது, அது எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும்.

இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகுகிறதா? அது உப்பு, இல்லையென்றால் காற்று. கரிசலைத் தட்டில் தனியாக நிரப்பினால் செங்கல் ஆகிவிடும் என்பதால் மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கிறோம். பக்கத்தில் பொள்ளாச்சி இருப்பதால் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதிதாக வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். டிரம்மில் ஊறவைத்து, வடித்து, மூன்று தடவையாவது அலசுங்கள். வடிகிற தண்ணீர் டீ நிறத்திலிருந்து வெளுத்துவருவதைக் கண்ணால் பார்க்கலாம். அவசரத்தில் அலசாமல் போட்டு ஒரு முழுப் பயறுப் பாத்தியை நான் கருக்கியிருக்கிறேன். போர்த் தண்ணீரும் உப்பாக இருந்தால் மழைநீர்த் தொட்டி கட்டாமல் முடியாது.

காற்றைப் பற்றிப் பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வருகிற வறண்ட காற்று காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் குடித்துவிடும். கிழக்கு வேலியோரம் அகத்தி நெருக்கமாக, பாத்திமேல் தென்னை ஓலை மூடாக்கு. எங்கள் ஊருக்கு இது போதும்.

மூன்றாவது வாரம் பாதிப்பேர் வரவில்லை

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். மற்றதெல்லாம் சிமெண்டும் மண்ணும், போட்டுவிடலாம்.

தொடங்கிய அன்று 14 பேர், அடுத்த வாரம் 11, மூன்றாவது வாரம் 6. ‘ஆர்வம் போயிருச்சு’ என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாகப் போனேன். முதல் வீட்டில் அந்த அம்மா காபி கொடுத்துவிட்டுச் சுற்றிவளைத்து எதையெதையோ பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: ‘அண்ணா, அங்க புள்ளைக்கு ஒண்ணுக்குப் போக எடமில்லீங்கண்ணா. காலைல இருந்து தண்ணி குடிக்காம வந்துட்டிருந்தா.’

நான்கு பெண்கள் நின்றதற்கு அதுதான் காரணம். ஆண்கள் தென்னை மறைவில் ஒதுங்கிக்கொண்டதால் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பாத்திக்குச் செலவழித்த பணத்தை முதலில் கக்கூஸுக்குச் செலவழித்திருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், 90 செ.மீ. அகலம், மேற்கத்திய பீடம், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உள்ளே நாற்காலி திரும்ப இடம். அங்கிருந்து தோட்டம் வரை கிராவல் பாதை. வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் இது இல்லாமல் தோட்டம் தொடங்காதீர்கள்.

மீதி வீடுகளில் வேறு காரணங்கள். நாங்கள் வைத்த நேரம் காலை 9 மணி. அம்மாக்கள் தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்குப் போகிற நேரமும் அதுதான். மகனைக் கொண்டுவந்து விட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. நேரத்தைக் காலை 7 முதல் 9 வரை என்று மாற்றினோம், வெயிலுக்கும் அதுதான் நல்லது. ஒரு வீட்டில் ஆட்டோ வாடகை. பக்கத்துப் பக்கத்து மூன்று வீட்டை ஒரே ஆட்டோவில் சேர்த்ததும் அது தீர்ந்தது. ஒரு பையன் மட்டும் உண்மையிலேயே தோட்டம் பிடிக்கவில்லை என்றான். அவனுக்கு ஆடு பிடிக்கும். அவன் இப்போது நாங்கள் பறிக்கும் களையை வாங்கிக்கொண்டு போகிறான், அதுவும் தோட்டத்து உத்தியோகம்தான்.

பள்ளிக்கூடத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் உதவியோடு, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்துகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள் 18 வயது வரை, அதற்குமேல் பட்ஸ் மறுவாழ்வு மையம். 18 தாண்டி, மையத்துக்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். அந்தப் பட்டியல் ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் வாய்க்கணக்காக இருக்கும்.

வேலை செய்வது அம்மாதான்

மகன் வரப்பில் உட்கார்ந்திருப்பான், அம்மா களை பறிப்பார். அம்மாவைத் திட்ட முடியாது, இருபது வருஷம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. நாங்கள் வேலிக்கு வெளியே ஒரு பெஞ்ச் போட்டு, ‘அக்கா, நீங்க இங்க உக்காந்து கீரைக்கு வாழைநார் கிழிங்க’ என்று நார்க்கட்டைக் கையில் கொடுத்துவிட்டோம். முதல் நாலு நாள் கழுத்து உள்ளேயே திரும்பியிருந்தது. அப்புறம் ஊர்க்கதை ஆரம்பித்தது, உள்ளே வேலையும் ஆரம்பித்தது.

காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்

மோட்டார். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் அப்படி இல்லை, ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒருவனுக்கு அது மண்டைக்குள் துளை போடுகிற மாதிரி. ஆறரைக்கே தொட்டியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிடுகிறோம். வேப்பமரத்தடியில் மூங்கில் தட்டி வைத்து ஒரு மூலை இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தவரை யாரும் கூப்பிடக் கூடாது, அவராக எழுந்து வருவார்.

வலிப்பு, மயக்கம், தீக்காயம்

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. பக்கத்திலுள்ள கல், மண்வெட்டியை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, மூச்சுவிடத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிரமேட் போன்ற சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். வியர்க்காத உடம்பு வெயிலில் சட்டென்று சூடேறிவிடும்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் இதே ஆபத்து. கூடவே, காலில் உணர்ச்சி இல்லாததால் சுடுவது தெரியாது. வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து முதலில் வருவது வெந்நீர், தகரத் தட்டின் விளிம்பு தோசைக்கல். தண்ணீரை முதலில் தரையில் விடுங்கள், விளிம்புக்குச் சாக்கு கட்டுங்கள். அவ்வப்போது உடம்பைத் தூக்கி அமர நினைவூட்டுங்கள், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும்.

எதையும் வாயில் போட்டுப் பார்க்கிறவர்கள் இருந்தால் வேலியிலுள்ள அரளி, ஊமத்தை, ஆமணக்கைப் பிடுங்கிவிடுங்கள். பச்சை மிளகாயும் நட வேண்டாம், பறித்த கை கண்ணுக்குத்தான் போகும். பூச்சிமருந்து தோட்டத்துக்குள் வரக்கூடாது என்பதில் நாங்கள் கறார். வேப்பெண்ணெய்க் கரைசலையும் பெரியவர் ஒருவர்தான் அடிப்பார்.

அலுவலகத்தில் காகிதம் நகரவில்லை

எல்லையோரத்துக்கே உரிய கோளாறு இது. அம்மா வீடு கிணத்துக்கடவுப் பக்கம், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது, இப்போது குடியிருப்பது கேரளம். ஓர் அலுவலகத்தில் ‘இது இங்க செல்லாது’ என்று திருப்பி அனுப்பினார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 58-ஆம் பிரிவு, சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம், காட்டினால் போதும். நிலம் கேட்கும்போது அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு: தொழில், பொழுதுபோக்கு, உற்பத்தி மையங்களுக்குச் சலுகை விலையில் ஒதுக்கும் நிலத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவர்களுக்கு 5 சதவீதம்.

மனுவை மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியிலுள்ள தமிழர்கள் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. நான் தமிழில் எழுதி, மேலே பொருள் மட்டும் மலையாளத்தில் இரண்டு வரி எழுதிவிடுவேன். சட்டத்துக்காக இல்லை, கிளார்க்குக்கு வேலை சுளுவாகட்டும் என்றுதான்.

பார்க்க வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்

பிறந்தநாள் கேக், பேனர், கேமரா. கேக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா எடுக்க நினைப்பவர் முதலில் ஒரு பாத்தி களை பறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டோம். கூட்டம் தானாகக் குறைந்துவிட்டது.

கீரை விற்ற காசில் சண்டை

முளைக்கீரை 25, 30 நாளில் வந்துவிடும், காசும் சீக்கிரம் வரும், பேச்சும் சீக்கிரம் வரும். விதை, எருவுக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு மீதியை வந்த நாள் கணக்கில் பிரிக்கிறோம். வேகமாகச் செய்தவர், மெதுவாகச் செய்தவர் என்ற கணக்கே கிடையாது. கணக்குப் புத்தகத்தில் பெயருக்குப் பதில் புகைப்படம், வந்த நாளுக்கு ஒரு பொட்டு, அவரவரே வைப்பது. பெரிய தொகையும் வங்கிக் கணக்கும் வந்தால், 18 தாண்டியவருக்குச் சட்டப்படி காப்பாளர் தேவையா என்ற கேள்வி வரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையிலுள்ள குழு காப்பாளரை நியமிக்கும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை, அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

பங்கு அவரவர் கையில் போக வேண்டும். என் தங்கை மகனுக்குப் பேச வராது, கையும் கோணலாகத்தான் நீளும். முதல் சனிக்கிழமை முக்குக் கடைக்குப் போனோம். அவன் டீ படத்தையும் பழம்பொரி படத்தையும் காட்டி, நோட்டை மேசைமேல் வைத்தான். கடைக்காரச் சேச்சி மிச்சக் காசை என்னிடம் நீட்டினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அப்புறம் குனிந்து அவன் உள்ளங்கையை விரித்து வைத்தார். மூன்றாவது சனிக்கிழமையிலிருந்து நான் கடைக்குள் போவதில்லை, எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.